"பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல" என்று யார் சொன்னது?

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், "பெத்தவங்களுக்கு அக்கறையே இல்ல சார்" என்ற புலம்பல் காதில் விழுந்துவிடும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. நோட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் பையன் தானே போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். பொங்கல் முடிந்தால் சில பிள்ளைகளைப் பள்ளிப் பக்கமே காணோம். இப்படிப் புலம்புகிற ஆசிரியர்களில் பலர் இதே ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்கள். பிள்ளைகள்மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள். ஆனாலும் அந்தப் புலம்பலுக்குள் இருக்கும் குற்றச்சாட்டு தவறு. அது தவறு என்பதற்கான சான்று இந்த மாவட்டத்துக் கரும்புக் கொல்லைகளிலேயே கிடைத்திருக்கிறது.

2013 ஆகஸ்டில் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் சாவ் என்ற நால்வர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களைச் சுற்றியுள்ள 464 கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. ஏன் கரும்பு? நெல்லோ மணிலாவோ போட்டவர் வருடத்தில் இரண்டு மூன்று தடவை காசைக் கண்ணில் பார்க்கலாம். கரும்பு போட்டவருக்கு ஒரே தடவைதான். அதுவும் ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கிற வரிசையில்தான். இவருக்கு ஜனவரியில் வெட்டு என்றால் வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு ஏப்ரலில் வெட்டு. ஆகவே வெயில், மழை, பண்டிகை என்று பருவத்தின்மேல் பழிபோட இடமில்லாமல், காசு இல்லாத மாதத்தையும் காசு வந்த மாதத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது.

ஒரே மனிதரை வெட்டுக்கு முன் ஒருமுறை, வெட்டுக்குப் பின் ஒருமுறை சந்தித்தார்கள். வெட்டுக்கு முன் 100-க்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 பேர். முன்பு 99 பேருக்குக் கடன் இருந்தது. பின்பு 13 பேருக்கு. இரண்டு தடவையும் அவர்களுக்குப் படப் புதிர்கள் கொடுத்தார்கள். வரிசையாக இருக்கும் வடிவங்களில் விட்டுப்போனது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், எழுத்தறிவு தேவையில்லை. வெட்டுக்குப் பின் அதே ஆட்கள் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். அவர்கள் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, குணமும் மாறவில்லை. மனத்தில் ஏறி உட்கார்ந்திருந்த அடகுச்சீட்டு இறங்கியிருந்தது.

இந்த ஆய்வைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. அளவிட்ட முறையைப் பற்றிச் சில உளவியலாளர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்திய வேறோர் ஆய்வில் இப்படி ஒரு வித்தியாசம் தென்படவில்லை. அறிவியலில் இது நடக்க வேண்டியதுதான். ஆனால் வெட்டு உத்தரவு தள்ளிப்போன வீட்டுக்குள் ஒரு வாரம் இருந்து பார்த்தவர் யாரும் இதன் மையமான செய்தியை மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த ஆய்வு பிள்ளை வளர்ப்பைப் பற்றியதல்ல. அதைப் பிள்ளை வளர்ப்போடு சேர்த்து யோசிப்பது நான். ஏழு வயதுப் பிள்ளை ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொட்டவில்லை என்று சொல்லும். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் நாளைக்குச் சார்ட் பேப்பர் வேண்டும் என்று ஞாபகம் வரும். இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்ல மனத்தில் கொஞ்சம் காலி இடம் வேண்டும். அந்த இடம் முழுக்கக் கடன்காரரின் முகம் அடைத்துக்கொண்டிருக்கும்போது வாயிலிருந்து வருவது "சும்மா கெட" என்ற ஒரு சொல்தான். அதே அப்பா, கரும்புப் பணம் வந்த அன்று திருக்கோவிலூரிலிருந்து வரும் வழியில் புரோட்டா வாங்கிவந்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை கேட்பார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கரும்பு போடுகிறவர் நிலம் உள்ளவர். வருடத்தில் ஒரு தடவையாவது அவருக்கு 'வெட்டுக்குப் பின்' என்ற காலம் வருகிறது. அந்தக் கரும்பை வெட்டுகிற கூலிக் குடும்பத்துக்கு அப்படி ஒரு காலமே கிடையாது. அவர்களுக்கு வருடம் முழுக்க வெட்டுக்கு முன்தான்.

தவணை நாள்

கடன் என்றால் அப்பாவின் கவலை என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து பல வருடங்கள் ஆய்வு செய்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் ஆகியோர் 2023-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கடன்பட்ட பெண்ணைப் பற்றிய நூல் அது. வீட்டுக் கடனை வாங்குவது, சுமப்பது, அடைப்பது மூன்றும் இப்போது பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. குழு லோன் வந்த பிறகு எந்தத் தெருவிலும் இது கண்கூடு. தவணை நாளன்று காலையிலேயே அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்றுக் கேட்டுப் போகிறாள். வசூலுக்கு வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, குழுவில் உள்ள மற்றப் பெண்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். எந்தக் கிழமை தவணை என்பது அந்த வீட்டு ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அன்றைக்கு அம்மாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பதும் தெரியும்.

அந்தப் பிள்ளை எதையும் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. வகுப்பில் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கும்போது அதற்கு 'கூச்ச சுபாவம்' என்று பெயர் வைக்கிறோம்.

பெற்றோருக்கான கூட்டங்கள் பெரும்பாலும் வேலைநாளின் பிற்பகலில் நடக்கின்றன. நடவுக்கோ கட்டட வேலைக்கோ போனவருக்கு அதில் உட்காரும் ஒரு மணி நேரத்தின் விலை அரை நாள் கூலி. இரவு ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்தில் இல்லாமல் தெருவிலேயே கூட்டம் போட்டால் யார் வருகிறார்கள் என்று பார்த்த பிறகு அக்கறையைப் பற்றிப் பேசலாம்.

"கண்ண மட்டும் விட்டுட்டு…"

"கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார்." பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த எத்தனையோ அப்பாக்கள் சொன்ன வார்த்தை இது. இன்றும் சொல்கிறார்கள். 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. சட்டம் வந்த பிறகும் அப்பாவின் வார்த்தை மாறவில்லை. ஏன்?

மெல்வின் கோன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். அவர் நூல் 1969-ல் வந்தது. பெற்றோர் தங்கள் வேலையில் எதைச் செய்து பிழைக்கிறார்களோ அதையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது அவர் முடிவு. மேலே ஒருவர் நின்று மேற்பார்க்க, சொன்னதைச் சொன்னபடி செய்து கூலி வாங்குகிறவர் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது கீழ்ப்படிதல். சொந்தமாக முடிவெடுக்கிற வேலையில் இருப்பவர் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது சொந்த யோசனை. மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசினால் மறுநாள் வேலை இல்லை என்பதை அனுபவித்தவர், பிள்ளை எதிர்த்துப் பேசினால் பதறுகிறார். அவர் கையில் இருக்கும் பிரம்பைப் பிடித்திருப்பது அந்தப் பயம்.

பயம் புரிகிறது என்பதற்காக அடியை நியாயப்படுத்த முடியாது. அடி வாங்கும் பிள்ளை கற்றுக்கொள்வது அடிக்கிறவர் கண்ணில் படாமல் தப்பிக்கும் வழியை மட்டுமே. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைச் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, மாட்டை ஓட்டும் வேலைக்கா உங்கள் பிள்ளையை வளர்க்கிறீர்கள் என்பதுதான். ஆனால் அந்த அப்பாவிடம் போய் "அடிக்காதீங்க" என்று அறிவுரை சொல்லிவிட்டு, அவர் வேலை செய்யும் இடத்தில் அவர் படும் அவமானத்தைப் பற்றி வாய் திறக்காமல் வருவது பாதி வேலை.

இந்தப் பயத்துக்குச் சாதியின் முகமும் உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த வன்முறையில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று அதே தெருக்களில் தாத்தாக்கள், ஆயாக்கள். "ஊர்த்தெரு பக்கம் சைக்கிள்ல வேகமா போவாத", "யாருகிட்டயும் வம்பு வச்சிக்காத", "பொழுது சாயறதுக்குள்ள வந்துடு" என்று பேரப்பிள்ளையிடம் அவர்கள் சொல்வதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று யார் சொல்ல முடியும்? பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக உருவான வளர்ப்பு முறை அது.

ஊர்த்தெருவிலும் வளர்ப்பு நடக்கிறது. பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் "யார் வீட்ல சாப்ட்ட?" என்று கேட்கும் ஒரு கேள்வியிலேயே சாதி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2023 ஜூனில், இந்த மாவட்டத்து மேல்பாதி கிராமத்தின் திரௌபதி அம்மன் கோயிலில் தலித்துகள் நுழைவதைத் தடுத்த பிரச்சினை முற்றி, அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அந்தக் கதவை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பார்த்தார்கள். அன்றிரவு ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் என்ன பேசினார்களோ அதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்த பாடம். பிள்ளை வளர்ப்பு என்றால் உணவு, தூக்கம், செல்போன் என்று மட்டும் பேசும் நிபுணர்கள் இதையும் பேச வேண்டும்.

ஏழு மணி வேன்

திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலையோரம் தனியார் பள்ளிகள் வந்தன. காலை ஏழு மணிக்கு மஞ்சள் வேன் ஊருக்குள் நுழைகிறது. சாயங்காலம் டியூஷன், சனிக்கிழமை ஹிந்தி அல்லது அபாகஸ், பிளஸ் ஒன் வந்தால் நீட். இந்த வீடுகளில் அப்பாவோ அம்மாவோ பெரும்பாலும் ஆசிரியர், போலீஸ், ரயில்வே, வருவாய்த்துறை. விழுப்புரம் சந்திப்பைச் சுற்றி ரயில்வே குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன.

இவர்களைப் பற்றியும் எளிதாகத் தீர்ப்புச் சொல்கிறோம்: பிள்ளையைப் பிழிகிறார்கள் என்று. அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் தெரியும். கூழ் குடித்து வளர்ந்த ஒருவர் ஒரு குரூப் 4 தேர்வை எழுதித் தேறினார். ஓட்டு வீடு மாடி வீடானது. தன் வாழ்க்கையை ஒரே ஒரு தேர்வு மாற்றியதைக் கண்ணால் கண்டவர் பிள்ளைக்குத் தேர்வைத் தவிர வேறு எதைக் கொடுப்பார்? மத்தியாஸ் டெப்கே, ஃபாப்ரிசியோ சிலிபொட்டி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2019-ல் எழுதிய நூலில் சொல்வதும் இதோடு பொருந்துகிறது. ஏற்றத்தாழ்வு கூடுதலாக உள்ள நாட்டில் பெற்றோர் பிள்ளையை அதிகம் விரட்டுகிறார்கள். ஏற்றத்தாழ்வு குறைந்த நாட்டில் விளையாட விடுகிறார்கள். தவறி விழுந்தால் எவ்வளவு ஆழத்தில் விழுவோம் என்பதைப் பொறுத்துத்தான் பிடியின் இறுக்கம்.

அனெட் லாரோ என்ற சமூகவியலாளர் அமெரிக்கக் குடும்பங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்து கவனித்து, 2003-ல் ஒரு நூல் எழுதினார். நடுத்தர வீடுகளில் பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரமும் திட்டமிடப்படுகிறது, பிள்ளையோடு விவாதிக்கிறார்கள், டாக்டரிடமும் ஆசிரியரிடமும் பிள்ளையே பேசப் பழக்குகிறார்கள். ஏழை, தொழிலாளர் வீடுகளில் பிள்ளை தானாக வளரும் என்று விடுகிறார்கள். உற்றார் உறவினரோடும் தெருப் பிள்ளைகளோடும் பொழுது போகிறது. லாரோவிடம் எனக்குப் பிடித்தது, இரண்டாவது வகையை அவர் குறைவாக எடைபோடவில்லை என்பது. அந்தப் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களோடு ஒட்டுதலாக இருந்தார்கள், போரடிக்கிறது என்று முனகவில்லை, தாங்களே விளையாட்டை உருவாக்கினார்கள். நம் ஊரிலும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உலை வைக்கத் தெரிந்த பத்து வயதுப் பெண்ணின் திறமை சாதாரணமானதல்ல. ஆனால் பள்ளியும் வங்கியும் அலுவலகமும் முதல் வகைப் பிள்ளையின் பேச்சுக்குத்தான் மதிப்பெண் போடுகின்றன. ஏழைப் பெற்றோர் தவறாக வளர்க்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதில் பெரும்பகுதி, இந்த நிறுவனங்களின் கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் வருவது.

2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி வாசலைப் பஸ்ஸில் தினம் கடந்துபோன கூலிக்காரக் குடும்பத்துக்கு அதுவரை அது வைத்தியம் பார்க்கும் இடம் மட்டுமே. படிக்கும் இடமாகவும் ஆகலாம் என்ற எண்ணம் அந்தக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. வழி ஒன்று திறந்தால் பெற்றோரின் சிந்தனை மாறுகிறது. சிந்தனையை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், வழி பிறகு திறக்கும் என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது.

சூளைக்குப் போகும் பிள்ளைகள்

பொங்கல் கழித்துக் காணாமல் போகும் பிள்ளைகளில் பலர் செங்கல் சூளைக்குப் போனவர்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறார். ஈரம் காய்ந்ததும் குடும்பத்தோடு செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் கிளம்ப வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. புருஷன் மண் குழைக்க, மனைவி கல் அறுக்க, அறுத்த கல்லைக் காய்வதற்குத் திருப்பிப் போட ஒரு சின்னக் கை இருந்தால் கணக்குச் சீக்கிரம் ஏறும். பிள்ளையை ஊரில் விடலாம் என்றால் ஆயாவுக்கே யாராவது சோறு பொங்கிப் போட வேண்டிய நிலை. இப்படிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்கிறோம். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போயிருந்தால் அப்போதும் அதையேதான் சொல்லியிருப்போம்.

பழங்குடியினரான இருளர்களுக்கு இது இன்னும் கடினம். சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் பல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது; மீட்பு இன்றும் நடக்கிறது. பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று வாங்கத் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடப்பது, ஒவ்வொரு நடைக்கும் எத்தனை நாள் கூலியை விடுவது என்பது அந்த அப்பா அம்மாவின் கணக்கு. காக்கிச் சட்டையைக் கண்டால் ஒதுங்கி ஓடு என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். பொய் வழக்குகளில் சிக்கிய அனுபவம் அப்படிச் சொல்ல வைத்தது. அரசுக் கட்டடம் எதுவானாலும் கால் கூசும் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் மட்டும் எப்படித் தைரியமாக வந்து நிற்பார்?

திண்டிவனத்தில் அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி இதைத் தலைகீழாகப் பிடித்தார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி, சான்றுக்காகவும் வழக்குகளுக்காகவும் மக்களோடு நின்றார். ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தினார். பெற்றோருக்கு அறிவுரை வகுப்பு எடுப்பதற்கு முன்னால் அவர்கள் முதுகிலிருந்த பயத்தை இறக்க முயன்ற வேலை அது. இந்த மாவட்டத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி யார் பேசினாலும் அந்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெற்றோரை மாற்றாமலேயே பிள்ளைக்குக் கைகொடுக்கலாம் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த நேரம். அந்தத் தெருவிலேயே இருக்கும் படித்த பெண் ஒருவர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பார். திட்டம் அவ்வளவுதான். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். பள்ளி மூடியதால் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்பில் சுமார் கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே கூடுதலாக மீண்டார்கள். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத குறையைத் தெருவிலிருந்த ஓர் அக்கா நிரப்பியதும் பிள்ளை படித்தது. அம்மாவின் படிப்போ அப்பாவின் வேலையோ அந்த ஆறு மாதத்தில் மாறியிருக்கவில்லை.

2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. ஆறு மணிக்கே நடவுக்குக் கிளம்பும் அம்மாவுக்கு அது என்னவென்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையை விரட்டிக்கொண்டே உலை ஊதிய ஒரு மணி நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. தலை வாரிவிடும்போது திட்டாமல் வாரிவிடலாம்.

2011 கணக்கெடுப்பில், பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 72 பேர். மாநிலத்தில் 80 பேர். மாவட்டத்து மக்களில் 100-க்கு 85 பேர் கிராமங்களில் இருந்தார்கள். இந்தப் பின்னணியை ஒரு தலைமுறைக்குள் மாற்ற முடியாது என்று கைவிரிக்க வேண்டியதில்லை. எந்தெந்தக் குடும்பம் சூளைக்குப் போகப்போகிறது என்பது முன்பணம் வாங்கிய அன்றே தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. டிசம்பரிலேயே அந்தப் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளி எடுத்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஓர் எண் இருக்கிறது; போகிற இடத்துப் பள்ளியில் அந்த எண்ணை வைத்தே சேர்க்கலாம். போகாமல் ஊரிலேயே இருக்க விரும்பும் பிள்ளைக்குக் காலையும் மதியமும் பள்ளியில் சோறு உண்டு, ராத்திரிச் சோற்றுக்கும் ஆயாவின் மருந்துக்கும் ஐந்து மாதத்துக்கு ஒரு சிறு தொகையைப் பஞ்சாயத்து கொடுத்தால், முன்பணம் வாங்கும்போதே அந்த அம்மா மேஸ்திரியிடம் சொல்லிவிடுவாள்: "நாங்க ரெண்டு பேருதான் வருவோம். புள்ள படிக்கணும்."